மூன்று புள்ளி பத்து

மாற்ற வேண்டியது ஒரே வரி.
ஏழு இருந்த இடத்தில் பத்து.
மகாராஜநகர் மாடியறையில்
கரண்ட் போய்ப் போய் வந்த செவ்வாய் இரவு
மாற்றினேன். அனுப்பவில்லை.

எங்கள் நூலகம் சின்னது.
எண்ணைக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும்.
ரசீதின் அடியில் ‘எழுத்தால்’ என்று ஒரு கோடு இருக்குமே,
அந்தக் கோட்டின் மேல் உட்காரும் சொற்கள்.
இலவசம்.
எடுப்பவர் சொல்லிவிட்டு எடுக்க வேண்டியதில்லை.
அதனால் யார் யார் வீட்டில் அது உழைக்கிறது என்று
எனக்குத் தெரியாது,
இனி பைத்தான் மூன்று புள்ளி பத்துக்குக் கீழே ஓடாது
என்று அறிவிக்கும்வரை.

முதலில் வள்ளியூர் அடகுக்கடை.
அப்புறம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடம்.
மூன்றாவதாக, பின்னால் லாரி உறும,
ஆலங்குளம் எடைமேடை மைதீன் பிச்சை:

“மூணு புள்ளி ஏழுல இருந்து மூணு புள்ளி பத்தா?
கூட்டுதேன்னு சொல்லுதீய,
குறைச்சல்லா இருக்கு!
எங்க மேடையில ஏழுதான் கனம்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
புள்ளிக்குப் பின்னால் வருவது தனி எண், பாய், என்றேன்.
“அப்போ அது புள்ளி இல்ல.”
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் கணினி பழசு.
மேடைக்கும் அதற்கும் நடுவில் பேசும் பெட்டியைச் செய்த
கோயம்புத்தூர்க் கம்பெனி இப்போது இல்லை.
கணினியை மாற்றினால் பெட்டி வாய் திறக்காது.
தக்காளி வண்டிகள் ரோடுவரை நிற்கும்.

பழையது எங்கேயும் போகாது,
புதியதை ஏற்றாதீர்கள், போதும், என்றேன்.
“அதுல ஏதும் தப்பு வந்தா?”
பார்க்கலாம்.
‘பார்க்கலாம்’ எத்தனை வரி என்று எனக்குத் தெரியும்.
இருநூற்றுப் பதினான்கு.

நாற்பது வரி ஜெபமலருடையது,
சமாதானபுரத்தில் வேலைக்குக் காத்திருந்த மாதங்களில் எழுதியது.
இப்போது அவளிடமிருந்து பதில் வருவதில்லை.
ஒன்றின் தலையில் நானே எழுதி வைத்திருக்கிறேன்:
பழைய பதிப்புக்காக. பிறகு நீக்கலாம்.
ஆறு வருடம் கழித்து
பிறகு வந்துவிட்டது.

சிவப்புச் சிவப்பாக நீக்கிக்கொண்டே போனேன்.
ஒன்பதில் கை நின்றது.

எண்பது, எண்ணூறு, எட்டாயிரம்:
எட்டு ஒழுங்கு.
ஒன்பது மட்டும்
பத்தின் இடத்தில் நூறைப் பிடித்துக்கொண்டு தொண்ணூறு,
நூறின் இடத்தில் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம்,
ஆயிரம் வந்ததும்
ஒன்றுமே நடக்காததுபோல ஒன்பதாயிரம்.
எந்தக் காலத்துப் பதிப்புக்காக யார் வைத்ததோ,
ஒரு குறிப்புகூட இல்லை.
சந்தையில் ஒருவரும் அதில் தடுக்கி விழுவதில்லை.
அந்தப் பதினோரு வரியை அப்படியே விட்டேன்.

வெள்ளிக்கிழமை அனுப்பினேன்.
சனிக்கிழமை தென்காசி பஸ் ஏறி ஆலங்குளத்தில் இறங்கினேன்,
ஏன் என்று கேட்டால் தெரியாது.

கணினியின் நெற்றியில் அட்டை ஒட்டியிருந்தார்:
‘புதுசு ஏத்தாதே.’
மேடையில் என்னை நிற்கச் சொன்னார்.
அது பத்துப் பத்தாகத்தான் சொல்லும்;
நான் எழுபது.
காலி வண்டிக்கு ஒரு சீட்டு, சுமை வண்டிக்கு ஒரு சீட்டு,
கழித்து வருவதுதான் சரக்கு, என்று
என் நூலகத்தை எனக்கே விளக்குவதுபோல் விளக்கினார்.

ஒரு சுரண்டை வண்டி ஏறியது.
ரசீது வந்தது.
ஏழாயிரத்து தொள்ளாயிரத்து நாற்பது கிலோ.

நடுவில் ஒரு த் இல்லை.
எத்தனை வருடமாக இல்லையோ.
நேற்று அனுப்பியதில் அதைச் சரிசெய்திருக்கிறோம்,
அவருக்கு எட்டாத பதிப்பில்.

பேனாவை எடுத்தேன்.

“ஐயோ, எடை ரசீதுல
கை வைக்கப்பிடாது” என்று
வாங்கி டிரைவரிடம் கொடுத்தார்.